மைக்ரோமீட்டருக்கு வைத்த சந்தனம்

இயற்பியல் படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்ற கேள்விக்கு இப்போது என்னிடம் நல்ல பதில் இருக்கிறது. கேட்கத்தான் ஆளில்லை. பல்கலைக்கழகத்துக்கு முந்தின ஆறாம் படிவத்தில் அந்தப் பாடத்தை எடுத்தபோது கல்யாணப் பந்தியிலும், கோயில் அன்னதான வரிசையிலும், பாசார் மாலாம் இரவுச் சந்தையில் கீரைக்கட்டு பொறுக்கும் இடத்திலும் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். டாக்டருக்குப் படிக்கப் போகிறேன் என்கிறவளை யாரும் நிறுத்தி வைத்து இப்படிக் குடைவதில்லை. இயற்பியல் என்றால் மட்டும் "அப்புறம்?" என்று ஓர் இழுப்பு இழுப்பார்கள்.

அந்த அப்புறத்தைச் சொல்லிவிடுகிறேன். பாசிர் கூடாங்கில் ஒரு கேலிபரேஷன் லேப்பில் இருக்கிறேன். சுற்றியுள்ள தொழிற்சாலைகளிலிருந்து தராசும் வெப்பமானியும் அழுத்தமானியும் எங்களிடம் வரும். அவை காட்டும் அளவு சரிதானா, இல்லையென்றால் எவ்வளவு தவறு என்று பார்த்துச் சொல்ல வேண்டும். கருவிகளுக்கு ஒரே வெப்பநிலை வேண்டும் என்பதால் அறை எப்போதும் குளிரும். வெளியே ஜொகூர் வெயில் மண்டையைப் பிளக்கும்போது நான் ஸ்வெட்டரோடு மோட்டார் சைக்கிளில் போவேன், சமிக்ஞை விளக்கில் பக்கத்தில் நிற்பவர்கள் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும். எனக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது.

அன்று எங்கள் வகுப்பில் விரல் விட்டு எண்ணக்கூடிய அளவுக்கே ஆள் இருந்தோம். அதில் ஒருத்தி இப்போது மருத்துவமனையில் புற்றுநோயாளிகளுக்குக் கதிர்வீச்சு எவ்வளவு போக வேண்டும் என்று கணக்கிடுகிறாள். ஒருவன் கப்பல் பட்டறையில் பற்றவைத்த இரும்பின் உள்ளே விரிசல் இருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கிறான். ஒருவன் குளுவாங்கில் இதே பாடத்தைச் சொல்லிக் கொடுக்கிறான். இன்னொருவன் இன்சூரன்ஸ் விற்கிறான், பொறுமையை இயற்பியல்தான் கற்றுத் தந்தது என்று சத்தியம் செய்கிறான். யாரும் வீணாகப் போகவில்லை.

ஆனால் அன்றைக்கு இதெல்லாம் யாருக்குத் தெரியும்? அம்மா எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் ஆப்பரேட்டர். அப்பா தொழிற்சாலை பஸ் ஓட்டினார். பெரியம்மா மகள் சிங்கப்பூரில் நர்ஸாக இருந்ததால் அம்மாவுக்கு என்னையும் அந்த வழியில் அனுப்பிவிட வேண்டும் என்று ஆசை. நர்ஸ் என்றால் கண்ணுக்குத் தெரிகிற வேலை, வெள்ளை உடுப்பு, நாளைக்கு வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்தாலும் பயன்படும். நான் ஒற்றைக்காலில் நின்றேன். எனக்கு இரத்தத்தைக் கண்டால் மயக்கம் வரும் என்பது ஒரு காரணம். ஒரு பந்து எங்கே போய் விழும் என்பதை அது விழுவதற்கு முன்பே தாளில் எழுதிக் காட்ட முடியும் என்று தெரிந்த நாளிலிருந்து வேறு எதிலும் மனம் ஒட்டவில்லை என்பது உண்மையான காரணம். அம்மா கடைசியில் ஒரு நிபந்தனையோடு விட்டார்.

"முதல் செமஸ்டர் பாக்கறேன். மார்க்கு நல்லா வரலன்னா பேசாம நர்சிங் போயிடணும். அதுக்கப்புறம் ஃபிஸிக்ஸுன்னு வாயத் தொறக்கக் கூடாது. சரியா?"

சரி என்றேன். வேறு என்ன சொல்வது? அப்பாவைப் பார்த்தேன். அம்மா என்ன சொல்கிறாரோ அதுதான் என்று தேநீரை ஊதிக் குடித்தார்.

ஆறாம் படிவத்தில் எழுத்துத் தேர்வு மட்டும் இல்லை. ஆய்வுக்கூடத்தில் செய்கிற சோதனைகளுக்கும் மதிப்பெண் உண்டு, ஆசிரியர் எதிரே உட்கார வைத்துக் கேள்வியும் கேட்பார். அதில் சறுக்கினால் மொத்தமும் சறுக்கும். எங்கள் ஆய்வுக்கூடத்து மைக்ரோமீட்டர்கள் வேறு ஒரு தினுசு. மைக்ரோமீட்டர் என்பது உள்ளங்கையில் அடங்கும் இரும்புக் கருவி. அதன் வாயில் ஒரு கம்பியையோ தலைமுடியையோ வைத்துத் திருகினால் அது எவ்வளவு தடிமன் என்று காட்டும். எங்களிடம் இருந்தவற்றில் சில திரும்பவே திரும்பாது, சில திரும்பினால் நிற்காது. நல்லதாக இருந்த ஒன்றிரண்டுக்கு வரிசை நிற்கும். நான் வீட்டில் வந்து புலம்பினேன். அப்பா காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. ஆனால் ஒரு வாரம் கழித்து, அவருடைய பஸ்ஸில் வருகிற ஃபிட்டர் ஒருவரிடமிருந்து பழைய மைக்ரோமீட்டர் ஒன்றை வாங்கி, ஐஸ்கிரீம் டப்பாவில் வைத்துக் கொண்டுவந்தார். கருவியின் வாயை மூடிப் பார்த்தேன். கோடு பூஜ்யத்தில் இம்மியும் பிசகாமல் நின்றது. பள்ளியில் நான் அதை யாருக்கும் இரவல் தரவில்லை. அவ்வளவு பெருமை.

சரஸ்வதி பூஜை வந்தது. எங்கள் வீட்டில் அன்று ஆயுத பூஜையும் சேர்ந்தே நடக்கும். அப்பாவின் பஸ்ஸுக்கு மாலை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சை வைத்து நசுக்கி எடுப்பார்கள். பஸ்ஸில் வரும் நேப்பாளத் தொழிலாளர்கள் தாங்களே வந்து நெற்றியைக் காட்டிப் பொட்டு வைத்துக்கொள்வார்கள். வீட்டுக்குள் அம்மாவின் ராஜ்யம். தையல் இயந்திரம், தேங்காய்த் துருவி, அரிவாள்மனை, அப்பாவின் ஸ்பானர்கள், எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் போகும். அம்மா சாஆ பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். பால்வெட்டும் கத்தியின் முனைக்குப் பொட்டு வைப்பதைப் பார்த்து வளர்ந்தவர். அதனால் எது வேலை செய்கிறதோ அந்த இடத்தில்தான் வைப்பார். தையல் இயந்திரம் என்றால் ஊசிக்கு, துருவி என்றால் பல்லுக்கு.

நான் அந்த வருடம் முறைப்பாக இருந்தேன். முந்தின நாள்தான் நர்சிங் பேச்சு மறுபடியும் வந்திருந்தது. புத்தகங்களைச் சாமி முன்னால் அடுக்கச் சொன்னபோது கணிதத்தையும் வேதியியலையும் வைத்துவிட்டு, இயற்பியலைப் பையிலேயே விட்டுவிட்டேன். குளித்துவிட்டு வந்து பார்த்தால், அடுக்கின் மேலே என் இயற்பியல் புத்தகம் இருக்கிறது. அதன் மேல் மைக்ரோமீட்டர். இரும்பு வளைவில் சந்தனம், குங்குமம், ஒரு செவ்வந்திப் பூ. அம்மாவின் வேலைதான். பிடிக்காத விருந்தாளிக்குக் கூட இலை போட்டால் முதல் கவளத்தை நெய் விட்டுத்தான் வைப்பார் அம்மா. அந்த மாதிரி என்று நினைத்துக்கொண்டேன். ஆனாலும் அவர் கை என் இயற்பியலைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

மறுநாள் பூஜை முடித்து எடுக்கும்போது வளைவில் இருந்த பொட்டை நானே துடைத்தேன். வாய்க்குள்ளும் வைத்திருப்பார் என்று யார் கண்டது?

அந்த வாரம் கம்பிச் சோதனை. மேலேயிருந்து ஒரு மெல்லிய எஃகுக் கம்பியைத் தொங்கவிட்டு, கீழே எடைகளை ஒவ்வொன்றாக மாட்டி, எவ்வளவு நீளுகிறது என்று அளக்க வேண்டும். நீளம், எடை, நீட்சி, கம்பியின் விட்டம் நான்கும் தெரிந்தால் எஃகின் விறைப்பைக் கணக்கிட்டுவிடலாம். சீனப் பெண் ஒருத்தி என் கூட்டாளி. இருவரும் பார்த்துப் பார்த்துச் செய்தோம். கணக்கைப் போட்டால், எங்கள் எஃகு எஃகாகவே இல்லை. புத்தகம் சொல்வதைவிட மிகவும் குறைவாக வந்தது. மூன்று தடவை போட்டோம், அதேதான். பக்கத்து மேசைக்காரன் எண்ணை மாற்றி எழுதிவிடுங்கள் என்று இலவச ஆலோசனை கொடுத்தான். போடா என்றேன்.

இயற்பியல் ஆசிரியர் மலாய்க்காரர், குரலை உயர்த்தவே மாட்டார். தாளைப் பார்த்து ஒரு கேள்விக்குறி போட்டார். அடுத்த வாரம் எதிரே உட்கார்ந்து காரணம் சொல்ல வேண்டும், சொல்ல முடியாவிட்டால் இந்தச் சோதனைக்கு மதிப்பெண் எதிர்பார்க்க வேண்டாம் என்றார். நர்ஸ் உடுப்பு கண்முன் வந்து நின்றது.

கூட்டாளி ஒவ்வொன்றாகப் பார்க்கலாம் என்றாள். நீளம் சரி. எடைகள் சரி. நீட்சியும் சரி. மிச்சம் இருந்தது மைக்ரோமீட்டர். என்னுடையதில் தவறே வராது, இந்தப் பள்ளியிலேயே நல்ல மைக்ரோமீட்டர் இதுதான் என்று மல்லுக்கு நின்றேன். அவள் அதை வாங்கி வெறுமனே மூடினாள். கோடு பூஜ்யத்துக்கு வரவில்லை. ஒரு தாளின் பாதித் தடிமன் அளவுக்கு முன்னாலேயே நின்றுவிட்டது. வெளிச்சத்தில் திறந்து பார்த்தேன். வாயின் இரண்டு முகத்திலும் மஞ்சளாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. மூக்கருகே கொண்டுபோனேன். சந்தனம்.

சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது, அம்மாவின் மேல் ஆத்திரமும் வந்தது. கடிக்கிற இடம்தானே வேலை செய்கிற இடம், அங்கேயே வைத்துவிட்டார். கம்பியின் விட்டமே அரை மில்லிமீட்டர். அதில் இந்தச் சந்தனத்தின் தடிமனும் சேர்ந்துகொண்டது. போதாததற்குக் கணக்கில் விட்டத்தை விட்டத்தாலேயே பெருக்க வேண்டும், ஆகவே பிழை இரட்டிப்பாகிவிட்டது. கைக்குட்டையை எடுத்தேன். அதற்குள் ஆசிரியர் வந்து, "ஜாங்ஙான் லாப்," துடைக்காதே, என்றார்.

இப்போது துடைத்துவிட்டால் உன் பழைய அளவுகள் எவ்வளவு தவறு என்று யாருக்குமே தெரியாமல் போய்விடும், அப்படியே வைத்து முதலில் அது எவ்வளவு கூட்டிக் காட்டுகிறது என்று அள, பிறகு கழி, அதற்குப் பிறகு துடை. இதுதான் அவர் சொன்னது. இன்றுவரை என் பிழைப்பு இந்த வரிசையில்தான் ஓடுகிறது. இது என்ன பசை என்று கேட்டார். வீட்டில் சாமிக்கு வைத்தது என்றேன், முகம் சுட்டது. வகுப்பு சிரிக்கும் என்று பயந்தேன். அவர் முகர்ந்து பார்த்து நல்ல வாசனை என்றார். பரீட்சைக்குப் போகும்போது தன் அம்மா குர்ஆன் ஓதிய தண்ணீர் கொடுப்பாராம், நல்லவேளையாக அதைக் குடிக்கத்தான் சொன்னார், கருவியில் ஊற்றவில்லை என்றார். வகுப்பு சிரித்தது, நானும் சிரித்தேன். மணி அடித்துவிட்டதால் வீட்டில் வைத்து நிதானமாக அளந்து வரச் சொன்னார்.

அம்மாவிடம் சொல்லக் கூடாது என்று பஸ்ஸிலேயே முடிவு செய்திருந்தேன். முதல் முறையாக என் பாடத்துக்குப் பூ வைத்திருக்கிறார். உங்கள் பூஜையால்தான் கெட்டது என்று எந்த வாயால் சொல்வது?

சாயங்காலம் சமையலறை மேசையில் உட்கார்ந்து மூடுவதும் பார்ப்பதும் எழுதுவதுமாக இருந்தேன். அம்மா காலை ஷிஃப்ட் முடிந்து வந்து, சீருடையைக்கூட மாற்றாமல் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். என் கையில் இருந்ததைப் பார்த்துவிட்டு ஈரத் துணியோடு வந்தார். காய்ந்த சந்தனம் இன்னும் ஒட்டியிருக்கிறதே, கொடு, துடைத்துத் தருகிறேன் என்று கையை நீட்டினார். தொடாதீங்க என்று கத்திவிட்டேன். அவர் முகம் சுருங்கிப்போனது. சாமிக்கு வைத்ததன் மேல் அவ்வளவு வெறுப்பா என்று கேட்டார்.

இனி மறைக்க வழியில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா நாற்காலியை இழுத்து உட்கார்ந்து மைக்ரோமீட்டரை வாங்கினார். நாளெல்லாம் பூதக்கண்ணாடி வழியாகச் சில்லுகளைப் பார்க்கிற கண் அல்லவா, எந்தக் கோடு எங்கே நிற்க வேண்டும் என்று ஒரு தடவை காட்டியதும் பிடித்துக்கொண்டார். மூடினார், பார்த்தார். மறுபடியும் மூடினார்.

"அப்ப நான்தான் கெடுத்தேனா?"

அந்தக் குரலை அம்மாவிடம் நான் அதற்கு முன் கேட்டதில்லை. என் ஆத்திரமெல்லாம் இருந்த இடம் தெரியாமல் போய்விட்டது.

"கெடல மா. எவ்வளவு கூட காட்டுதுன்னு தெரிஞ்சா போதும். கழிச்சிட்டா சரியா வந்துரும்."

நம்பவில்லை. என் முன்னால் செய் என்றார். இருவரும் மாற்றி மாற்றி அளந்தோம், இருவருக்கும் ஒரே எண்தான் வந்தது. அதைக் கழித்து விட்டத்தைத் திருத்தி, கணக்கை மறுபடி போட்டேன். விடை எஃகின் பக்கத்தில் வந்து நின்றது. புத்தகத்தைத் திருப்பி அந்த எண்ணையும் காட்டினேன். அம்மா எண்ணைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

"உங்க வாத்தியாரு யாரு செஞ்சதுன்னு கேட்டாரா?"

யோசித்தேன். "இல்ல மா. எவ்வளவுன்னுதான் கேட்டாரு."

அம்மா ஈரத் துணியை மடித்து மடித்துச் சின்னதாக்கினார்.

"எங்க லைன்ல ஒரு பீஸ் ரிஜெக்ட் ஆச்சுன்னா, என்ன ஆச்சுன்னு பாக்க மாட்டாங்க. சியாப்பா புவாட், யாரு செஞ்சது, அப்படின்னு கத்திக்கிட்டேதான் வருவாங்க. இத்தன வருஷமா நான் அந்த ஒரு கேள்விக்குத்தான் பயந்துகிட்டு உக்காந்திருக்கேன்." மைக்ரோமீட்டரை ஐஸ்கிரீம் டப்பாவுக்குள் வைத்து என் பக்கம் தள்ளினார். "நர்சிங்லாம் வேணாம். நீ இதையே படி."

முதல் செமஸ்டர் தேர்வுக்கு இன்னும் பல வாரங்கள் இருந்தன.