பறி நிறைய லில்லிப் புழு

முத்தம்மா அக்கா வாய மூடிகினு இருக்கறதப் பாக்கணும்னா ஏரிக்குத்தான் போவணும். பழவேற்காடு ஏரிச் சேத்துல உக்காந்தமேனிக்கே நகந்து, ரெண்டு கையாலயும் தடவி இறால் புடிக்கறவ அவ. புடிச்சதப் போடறதுக்கு ஓலையில பின்னின பறிய பல்லுல கவ்விகினு இருக்கணும். பறி வாயில இருக்கற வரைக்கும்தான் ஊருக்கு நிம்மதி. நான் அவ ஓரகத்தி, பக்கத்து வூடு, எனக்குத் தெரியாதா?

அந்த வாய்தான் அவள மாட்டிவிட்டுது. அவ பொண்ணு திவ்யா பொன்னேரியில ஒரு செல்போன் கடையில வேலை செய்யுது. கூட வேலை செய்யற ஜோயலத்தான் கட்டிக்குவேன்னுச்சு. பையன் தங்கம், நாங்க யாரும் குறுக்க நிக்கல. கல்யாணம் பேச வந்த ஜோயலோட அம்மா, எங்க வழக்கத்துல பொண்ணு கையில வெள்ளைப் பூச்செண்டு புடிக்கணும், மெட்ராஸ் கடையில சொல்லி வாங்கிக்கறோம்னாங்க. அக்கா சும்மா இருந்திருக்கலாம். வாசல்ல வரிசையா நிக்கற லில்லியக் காட்டி, "என் பொண்ணு கையில என் வூட்டுப் பூதான் இருக்கும்"னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டா.

ஏன் சொன்னான்னு எனக்குப் புரிஞ்சுது. பந்தல்லருந்து பிரியாணி வரைக்கும் எல்லாம் அவங்க ஏற்பாடு. சேத்துல கைய வுட்டுப் பொழைக்கிறவ, தன்னுதுன்னு ஒண்ணாவது பொண்ணு கையில இருக்கட்டும்னு ஆசப்பட்டா. அதுல இன்னா தப்பு?

அடுத்த வாரமே வந்துச்சு புழு. கறுப்பு உடம்புல வெள்ளப் புள்ளி, கும்பல் கும்பலா. இலையக் குடைஞ்சிகினு தண்டு வழியா கெழங்குக்கே எறங்கப் பாக்குது. அக்கா பறிய எடுத்துப் பல்லுல கவ்விகினு உக்காந்துட்டா. தரையிலதான இருக்கோம், பக்கத்துல வெச்சிக்கலாம்னு கூடத் தோணல, அவ்ளோ பழக்கம். மூக்குக்கு நேரா புழு நெளியுது, அவ பாட்டுக்கு இலை இலையாப் பெரட்டிப் பொறுக்கறா. நான் சோப்புத் தண்ணியில வேப்பெண்ணெய் கலந்து தெளிச்சேன். ரெண்டு நாள் சும்மா இருக்கும், மறுபடி வந்துடும். கடைசியில செடி அடி மண்ண, இறாலத் தடவற மாரியே தடவினா. உள்ள அரக்கு நிறத்துல கூடு கூடாக் கெடக்குது. புழு மண்ணுக்குள்ள போயி கூடு கட்டி, பூச்சியா வெளிய வந்து திரும்ப முட்ட வெக்குதுன்னு அப்பத்தான் எங்களுக்கு வெளங்கிச்சு. அத்தனையும் நோண்டி எடுத்து ஒழிச்சோம்.

ஆனா செடி தேறல. புழு வாய் வெக்காத இலையில கூட செவப்புப் புள்ளி வருது, நீளுது, காஞ்சி ஒடியுது. புழுவே இல்லாத இலைக்கு இன்னா கேடுன்னு ரெண்டு பேரும் முழிச்சோம். கண்ணு பட்டுடுச்சுன்னு நான் மொளகா கூட சுத்திப் போட்டேன். கல்யாணம் கிட்ட வந்துகினே இருக்குது. அக்காவுக்கு சோறு எறங்கல. ஒரு இலைய அறுத்துப் பையில போட்டுகினு, என்னையும் இழுத்துகினு பொன்னேரி பூச்சிமருந்துக் கடைக்குப் போனா.

கடைக்காரர் சகாதேவன் இலைய ரெண்டு பக்கமும் பெரட்டிப் பாத்துட்டு, இது புழு இல்ல, பூசணம்னார். தண்ணி எப்படி ஊத்தறீங்கன்னு கேட்டார். அக்காவுக்கு ஒரே பெருமை. சாயந்திரமா இறால் கழுவின தண்ணிய தலையோட ஊத்துவேன், புள்ளைங்கள குளிப்பாட்டற மாரின்னா. அவருக்கு சிரிப்பு வந்துடுச்சு. "ராத்திரி பூரா ஈரத் தலையோட நிக்க வெச்சா செடிக்கும் சளி புடிக்காதாம்மா?" புள்ளி வந்த இலையெல்லாம் அறுத்து எரிச்சிடணும், நெருக்கத்தப் பிரிச்சி காத்து போவ வுடணும், காலையில வேர்ல மட்டும் ஊத்தணும்னு சொல்லி, தெளிக்கறதுக்கு காப்பர் மருந்தும் குடுத்தார். கெழங்கு கல்லு மாரி இருந்தா பயம் இல்ல, பூ வரும்னார்.

திரும்பற வழியெல்லாம் அக்கா பேசவே இல்ல, பறி இல்லாமலே. எனக்குத்தான் பயமாயிடுச்சு. ஊர் கிட்ட வந்தப்பத்தான், என் கையாலயே கெடுத்துட்டேனேன்னு பஸ்ஸுலயே அழுதுட்டா. வூட்டுக்கு வந்ததும் மண்ணுக்குள்ள கைய வுட்டு ஒவ்வொரு கெழங்கா அமுக்கிப் பாத்தா. எல்லாம் கெட்டியா இருந்துது. அப்பறம்தான் தண்ணி குடிச்சா.

சகாதேவன் சொன்ன மாரியே புது இலை சுத்தமா வந்துச்சு, நடுவுல மொட்டுத் தண்டும் வந்துச்சு. கல்யாணத்தன்னிக்கு விடியறப்ப போயிப் பாத்தா வெள்ள வெளேர்னு பூத்து நிக்குது. திவ்யா அதப் புடிச்சிகினு நடந்து வந்தப்ப நான் அழுதேன், அக்கா சிரிச்சிகினு நின்னா. சம்பந்தியம்மா பூவ மோந்து பாத்துட்டு, எனக்கும் நாலு கெழங்கு வேணும்னு கேட்டாங்க. இருக்கறதுலயே பெருசாப் பாத்து அக்கா குடுத்தனுப்பினா.

பொண்ணு பொன்னேரிக்கு மாமியார் வூட்டுக்குப் போனப்பறம் அக்காவுக்கு வூடு தாங்கல. பொன்னேரி இன்னா சீமையா? ஆனா கூப்புடாம எப்படிப் போறது, இன்னா நெனைப்பாங்கன்னு தயங்கிகினே இருந்தா. ஒரு நாள் சம்பந்தியம்மாகிட்டருந்து போன். பொண்ணு இன்னா பண்ணிடுச்சோன்னு அக்கா மூஞ்சி வெளுத்துடுச்சு. நான்தான் ஸ்பீக்கர்ல போட்டேன்.

"சம்பந்தி, நீங்க குடுத்த செடியில கறுப்புப் புழு வந்துடுச்சு. எங்களுக்குக் கை வெக்கவே பயமா இருக்கு. நீங்க கொஞ்சம் வந்து பாருங்களேன்."

போன வெக்கறதுக்குள்ள அக்கா பறிய எடுத்துட்டா. அங்க போயி புழு பொறுக்கி, மண்ணத் தடவி, பொண்ணுக்குத் தல பின்னி வுட்டு, வயிறார சாப்ட்டுட்டு சாயந்திரம் வந்து எறங்கினா. மூஞ்சியில அப்பிடி ஒரு களை. எல்லாப் புழுவும் போயிடுச்சான்னு கேட்டேன்.

ஏரியில ஒத்த இறால் குஞ்சக் கூட தப்ப வுடாதவ, பறிய ஆணியில மாட்டிகினே சொன்னா.

"ஓரத்துச் செடியில ரெண்ட வுட்டுட்டு வந்தேன் மாலதி. மறுபடி கூப்புடணும் இல்ல?"