மணிக்கட்டுக்கு ஒரு இஞ்ச் லூஸ்

'பால்: பெண். பதவி: உதவியாளர், மூன்றாம் நிலை. பணியின் தன்மை: அமர்ந்து செய்யும் இலகுவான வேலை. பாரம் தூக்குதல்: இல்லை. மேற்பார்வையின்கீழ் மட்டுமே பணியாற்றத் தக்கவர்.'

சீருடை தைக்கும் தொழிற்கூடத்தின் பதிவேட்டில் கத்திரி அக்காவைப் பற்றி இருபத்திரண்டு வருடமாக இப்படித்தான் எழுதியிருக்கிறது. இதில் சரியாக இருப்பது முதல் விவரம் மட்டும்தான். அவள் நிற்கும் மேஜைக்கு நாற்காலியே கிடையாது. துணிச் சுருளை மாடிக்குத் தூக்கிவருவது அவள். மேற்பார்வையாளர் என்று ஒருவர் இருக்கிறார்; துணியின் மேல்பக்கம் எது, அடிப்பக்கம் எது என்று அவர் வந்து கேட்பது அக்காவிடம்.

வழக்கமான அளவுகளையெல்லாம் கீழ்த்தளத்தில் இயந்திரம் வெட்டிவிடும். ஐம்பது துணியை அடுக்கி வைத்தால் அது ஒரே மூச்சில் நறுக்கிக் கொடுக்கும். எந்த அளவிலும் அடங்காதவர்கள் என்று சிலர் உண்டு. ஒரு தோள் இறங்கியவர்கள், வயிறு முந்திக்கொண்டவர்கள், ஆள் வளர்ந்த வேகத்துக்குக் கை வளராதவர்கள். இவர்களுக்கான துணி மாடிக்கு வரும். அக்கா டேப்பைப் பார்ப்பாள், சாக்பீஸால் கோடிழுப்பாள், கத்திரியால் வெட்டுவாள். அரைக் கிலோவுக்கு மேல் கனக்கும் இரும்புக் கத்திரி. ஒரு நாளைக்கு அதை எத்தனை முறை திறந்து மூடுகிறாள் என்று யாரும் எண்ணியதில்லை. எண்ணியது அவள் மணிக்கட்டு மட்டும்தான்.

அது போன வருடக் கடைசியில் பேச ஆரம்பித்தது. காலையில் எழுந்தால் கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் இன்னும் தூங்கிக்கொண்டிருக்கும். உதறி எழுப்ப வேண்டும். பிறகு துணி பிழியும்போது, பாட்டில் மூடி திறக்கும்போது, சட்டைப் பொத்தான் போடும்போது என்று வலி தன் எல்லையை அகலப்படுத்திக்கொண்டே போனது. அவள் கணவர் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். ஒரு வாரம் கவனித்துவிட்டு, தண்ணீர் பாட்டில் மூடியெல்லாம் அவரே தளர்த்தி வைக்க ஆரம்பித்தார். அதைப் பற்றி இருவரும் பேசிக்கொள்ளவில்லை. அந்த வீட்டில் பரிவு என்பது அந்த அளவுக்குத்தான் சத்தம் போடும்.

மருத்துவர் விரலைத் தட்டிப் பார்த்தார், மணிக்கட்டை மடக்கச் சொன்னார், நரம்பு நசுங்குகிறது என்றார். ஆறு வாரம் மணிக்கட்டு மடங்காமல் நேராக இருக்க வேண்டும். உள்ளே தகடு வைத்த, இறுக்கித் தளர்த்தக்கூடிய பட்டை ஒன்றை வேலையிலும் தூக்கத்திலும் போட்டுக்கொள்ள வேண்டும். முடிந்தவரை கத்திரியைக் குறைக்க வேண்டும். அலட்சியமாக விட்டால் கட்டைவிரல் அடிச்சதை வற்றிப்போகும். அப்புறம் அறுவை சிகிச்சைதான், அதிலும் போன பலம் முழுக்கத் திரும்பும் என்று தன்னால் சொல்ல முடியாது என்றார்.

சீட்டை எடுத்துக்கொண்டு அவள் அலுவலக அறைக்குப் போனாள். கொஞ்ச நாளைக்கு இலகு வேலை கிடைக்குமா என்று கேட்டாள். மேலாளர் பதிவேட்டைப் புரட்டினார். நல்ல மனிதர்தான், ஆனால் படித்தவர், எழுதியிருப்பதை நம்புகிறவர்.

"நீங்க ஏற்கெனவே இலகு வேலையிலதாம்மா இருக்கீங்க. இதுக்குக் கீழ ஒண்ணும் இல்லையே."

மேற்பார்வையாளருக்குத்தான் பெரிய மனசு. பட்டன் சரிபார்க்கும் இடத்தில் உட்காரலாம் என்றார். மேஜைக்கு யார் என்று அக்கா கேட்டாள். தன் மச்சான் சும்மாதான் இருக்கிறார், வந்து பழகட்டும் என்றார். அந்த மச்சான் வந்தால் போகிற ரகம் இல்லை என்பது மாடி முழுவதற்கும் தெரியும். பட்டன் பக்கம் போன யாரும் இதுவரை திரும்பி வந்ததில்லை என்பதும் தெரியும். அக்கா, வேண்டாம், பட்டை போட்டுக்கொண்டு வெட்டிப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டாள். ஆக, கையும் பிழைக்க வேண்டும், மேஜையும் பிழைக்க வேண்டும். இரண்டும் ஒரு பட்டையை நம்பி நின்றன.

மருந்துக் கடையில் மூன்று விதம் இருந்தது. ஒன்று காலுறையைப் போல வெறும் இழுவைத் துணி. சூடாக வைத்திருக்கும், வேறு உபகாரம் இல்லை. இன்னொன்று முழங்கை வரைக்கும் ஏறும் கெட்டிச் சமாச்சாரம். அதைப் போட்டால் கையை மாட்டி வைக்கலாம், பயன்படுத்த முடியாது. மூன்றாவது, கட்டைவிரலுக்கு வழி விட்டு, உள்ளங்கைப் பக்கம் கழற்றி வைக்கக்கூடிய தகடு ஒன்றும் மூன்று வெல்க்ரோ பட்டிகளும் கொண்டது. அக்கா அதைக் கையில் வாங்கி, திருப்பி, உள்துணியைக் கன்னத்தில் தேய்த்துப் பார்த்தாள். விளிம்புத் தையலை நகத்தால் கீறினாள். வியர்வை போக ஓட்டை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். இந்த விளிம்பைக் குறுக்காக வெட்டிய துணியில் மடித்திருந்தால் தோலை அறுக்காது என்று கடைக்காரரிடம் சொன்னாள். கடைக்காரர் அதைத் தான் தைக்கவில்லை என்று பணிவாகத் தெரிவித்தார்.

பிறகு அளவு கேட்டார். அக்காவின் கழுத்தில் டேப் எப்போதும் தொங்கும். மணிக்கட்டைச் சுற்றி ஒரு சுற்று விட்டாள்.

"ஏழு இஞ்ச்."

"அப்ப மீடியம். ஒரு தடவை போட்டுப் பாத்துடுங்கம்மா."

"அளவெடுத்தாச்சே, அப்புறம் என்ன போட்டுப் பாக்கறது?"

போட்டுப் பார்க்கிறேன் என்கிற வாடிக்கையாளரை அவளுக்கு எப்போதும் பிடிக்காது. அது தையல்காரரை நம்பாத செயல். தன்னையே தான் நம்பாமல் போவதாவது.

முதல் நாளே பட்டை நழுவியது. கடைசிவரை இழுத்து இறுக்கினால் வெல்க்ரோ ஒட்ட வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய் வெறுந்துணியில் உட்கார்ந்தது. ஒட்டாமல் பிய்ந்துகொண்டு வந்தது. தகடு நீளம் என்பதால் உள்ளங்கை மடிப்பில் முட்டியது. கத்திரியைப் பிடிக்க விரல்கள் முழுதாக மூடவில்லை. அவள் தகட்டை மேலே தள்ளிவிட்டு வெட்டினாள். மணிக்கட்டு உள்ளே சுதந்திரமாக மடங்கியது. வீட்டுக்கு வந்தால் முழங்கை வரை எரிந்தது.

"அட்ஜஸ்ட் ஆகும்னுதானே அட்டையில போட்டிருக்கு?" என்றார் கணவர்.

"ஆகுது. நான்தான் ஆயிட்டிருக்கேன்."

பத்து நாள் இப்படிப் போனது. ஆயுள் முழுவதும் இப்படிப் போய்ப் பழகியவளுக்குப் பத்து நாள் பெரிதாகத் தெரியவில்லை. பதினோராம் நாள் ஒரு காவலாளியின் மேல்சட்டை. வலது தோள் இரண்டு விரற்கடை இறங்கியவர். தோள் வளைவில் கத்திரி திரும்பும்போது கட்டைவிரல் அங்கே இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. கத்திரி கோட்டை விட்டு உள்ளே போய்விட்டது. இருபத்திரண்டு வருடத்தில் அவள் துணியைக் கெடுத்தது இரண்டு முறை; அது மூன்றாவது. மேற்பார்வையாளர் துண்டை எடுத்துப் பார்த்தார். துணியைப் பற்றி ஒன்றும் தெரியாவிட்டாலும் ஓட்டை தெரியும் அல்லவா.

"உடம்புதான் முக்கியம்கா. திங்கள்லேர்ந்து மச்சான் வந்துடுவான்."

சனிக்கிழமை மாலை அவள் பட்டையைப் பையில் சுருட்டிக்கொண்டு மருந்துக் கடைக்குச் சண்டை போடப் போனாள். சண்டை போடத் தெம்பு இல்லை. அதனால் மெதுவாகச் சண்டை போட்டாள். அளவு தவறிய சரக்கை வெளியே அனுப்ப அந்தக் கம்பெனிக்கு வெட்கமில்லையா என்றாள். தன் மேஜையில் இப்படி ஒரு உருப்படி போயிருந்தால் திரும்பி வந்திருக்கும் என்றாள். கடைக்காரர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கையை நீட்டச் சொன்னார். தன் டேப்பை மணிக்கட்டில் சுற்றினார்.

"ஆறும்மா."

"ஏழு."

"ஆறுதான் வருது. நீங்களே பாருங்க."

அவள் பார்த்தாள். ஆறு. தன் டேப்பை எடுத்து மறுபடி சுற்றினாள். இந்த முறை பொறுமையாக. அவள் ஆள்காட்டி விரல் டேப்புக்கும் தோலுக்கும் நடுவே, யாரும் கேட்காமலே, தானாக நுழைந்து நின்றுகொண்டது. டேப் ஏழு காட்டியது.

"அந்த விரல் எதுக்கு?" என்றார் கடைக்காரர்.

"லூஸு."

"எதுக்கு லூஸு?"

"உள்ள விடணும்ல. கை அசையணும், மூச்சு விடணும், துவைச்சா சுருங்கும்..." என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

"அசையக் கூடாதுன்னுதானம்மா இதைப் போடறது."

இருபத்திரண்டு வருடத்தில் எந்த உடம்பையும் அவள் உள்ளபடி எழுதியதில்லை. மார்புக்கு நாலு, இடுப்புக்கு இரண்டு, மணிக்கட்டுக்கு ஒன்று. கை அதைத் தன்னிச்சையாகச் செய்துவந்தது. மனிதர்கள் அசைவார்கள், சாப்பிடுவார்கள், குனிவார்கள் என்கிற நம்பிக்கையில் ஓடும் தொழில் அது. இறுக்கிப் பிடிப்பதற்காகவே ஒரு பொருளைத் தைப்பார்கள் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை. அவள் அங்கிருந்த முக்காலியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் சிரித்தாள். சிரிக்கும்போது கை வலித்தது.

பத்து நாள் வியர்வை குடித்த பட்டையைத் திருப்பி எடுத்துக்கொள்ள முடியாது என்று கடைக்காரர் வருத்தத்தோடு சொன்னார். அவள் அதற்குத் தகராறு செய்யவில்லை. ஸ்மால் ஒன்றைக் கேட்டு வாங்கி, அங்கேயே போட்டுப் பார்த்தாள். தகடு மணிக்கட்டின் நடுவில் வந்து உட்கார்ந்தது. பட்டிகள் ஒட்ட வேண்டிய இடத்தில் ஒட்டின. விரல்கள் மூடித் திறந்தன. இவ்வளவு இறுக்கமா என்று கேட்டாள். கடைக்காரர் பட்டிக்குக் கீழே ஒரு விரல் நுனியை நுழைத்துப் பார்த்து, ரத்தம் ஓடும், போதும் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டு மேஜையில் பழைய போர்வை ஒன்றை விரித்து வெட்டிப் பார்த்தாள். மணிக்கட்டு மடங்காதபோது வேலை முழங்கைக்கும் தோளுக்கும் ஏறியது. நேர்க்கோடு சுலபமாக வந்தது. வளைவு வந்தது, ஆனால் மெதுவாக. மூன்று மணி நேரத்தில் விரல்கள் மறுபடி மரத்தன. கணவர் போர்வைத் துண்டுகளைப் பார்த்து, குளிருக்கு இனி ஆளுக்கொரு முக்கோணமா என்று கேட்டார். அவள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று மணி நேரம். ஒரு நாள் முழுக்க முடியாது என்பதை அவள் அந்த மேஜையில்தான், கணவர் எழுந்து போன பிறகு, ஒத்துக்கொண்டாள்.

திங்கள் காலை மச்சான் புதுச் சட்டையோடு மேஜைக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். அக்கா மேற்பார்வையாளரிடம் பேசினாள். பட்டன் பக்கம் போக மாட்டேன் என்றாள். நாள் முழுக்க வெட்டவும் மாட்டேன் என்றாள். மச்சானுக்குக் கோடு போட வராது; கோடில்லாமல் வெட்டினால் காவலாளிகள் எல்லாருக்கும் ஒரே தோளாகிவிடும் என்றாள். மேற்பார்வையாளர் மச்சானைப் பார்த்தார். மச்சான் சாக்பீஸைப் பார்த்தார். ஆறு வாரத்துக்கு அப்புறம் என்ன என்று யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

அன்று மதியம் வரை அவள் வெட்டினாள். மதியத்துக்குமேல் கத்திரியை மச்சானிடம் கொடுத்துவிட்டுக் கோடு போட்டாள்.