காளான் ரூமுக்குத் தம் போட்ட கதை

1. மார்கழிக் குளிர்

பால் காளான் வளர்க்கணும்னு வர்ற புள்ளைங்க எல்லாம் மொதல்ல கேக்கறது ஒண்ணுதான்: "கோயமுத்தூர் வெயிலுக்குத் தாங்குங்களா?" வெயிலெல்லாம் ஒரு விசயமே இல்லீங்க. ஈரச்சாக்கு கட்டித் தொங்கவிட்டாச் சமாளிச்சுப்போடலாம். என்னையக் கதறவுட்டது மார்கழிக் குளிருதான்.

நூல் மில்லுல ரிட்டயர்டானதும் பீளமேட்டுல எங்க ஊட்டு பேஸ்மென்ட்டுல காளான் ரூம் போட்டேன். பால் காளானுக்கு ராத்திரியிலயும் இருபத்தெட்டு டிகிரிக்குக் கொறையக்கூடாது. அந்த மார்கழியில ஒரு நாள் காலையில சூடு காட்டற மீட்டரைப் பாத்தா, ராத்திரி இருபத்தொண்ணு வரைக்கும் எறங்கியிருக்குது. வைக்கோல் அடைச்ச பெட்டு மேல பரப்புன மண்ணுல எட்டிப் பாத்த மொட்டெல்லாம் மஞ்சளாகிச் சுருங்கிப்போச்சு.

அந்தக் காளானை நம்பித்தான் பஷீர் பாய் ஒரு ஆர்டர் எடுத்திருந்தாரு. உக்கடத்துல பேரு வாங்குன பிரியாணி மாஸ்டர். தை பொறந்ததும் அவிநாசியில ஒரு கவுண்டர் ஊட்டுக் கல்யாணம். நம்ம பக்கம் கல்யாணப் பந்தியில கறி கெடையாது. அதனால காளான் பிரியாணி. சைவப் பந்திக்கு அவரைக் கூப்பிட்டது அதுதான் மொதத் தடவை.

"ஏனுங்க்கா, கறி பிரியாணிக்கு எம்பேரு ஊருக்கே தெரியும். இதுல சொதப்புனா இனி எந்தக் கல்யாண ஊட்டுக்காரங்க என்னையக் கூப்புடுவாங்க?"னு கேட்டாரு. பாவமா இருந்துச்சு.

2. பாய் சொன்ன யோசனை

ரூம் ஹீட்டர் வச்சுப் பாத்தேன். காத்து காஞ்சு, பெட்டு மேல மண்ணு பாளம் பாளமா வெடிச்சுப்போச்சு. பாய் வந்து பாத்தாரு. தாடியத் தடவிக்கிட்டே, "இவ்வளவுதானுங்களா? பிரியாணிக்குக் கனல் வச்சு மூடற மாதிரி ரூமுக்கே தம் போட்டுறலாமுங்க்கா"ன்னாரு.

நானும் தலையாட்டுனேன் பாருங்க! ஜன்னலெல்லாம் சாக்கு வச்சு அடைச்சு, ரெண்டு சட்டியில கரிக் கனலைப் போட்டு, கதவைச் சாத்திப்போட்டோம். காலையில மீட்டரு முப்பது காட்டுச்சு. ரெண்டு பேருக்கும் சிரிப்பு தாங்கல.

அந்தச் சிரிப்பு ரெண்டு மூணு நாளுதான். ஒரு காலையில ஆசையாக் கதவைத் தொறந்துட்டு உள்ள போன பாய் அப்படியே செவுத்தைப் புடிச்சுட்டாரு. "அக்கா, தல கிறுகிறுன்னு வருது." சட்டையப் புடிச்சு வெளிய இழுத்துட்டு வந்தேன். மூடுன ரூமுல கரிப்புகை ஆளையே கொன்னுபோடும். பெரிய மில்லுல காத்தோட்டத்துக்குன்னே தனி டிபார்ட்மென்ட் வச்சிருந்த எடத்துல வேலை பாத்தவ நான். எனக்கு வந்த கோவத்துல பாயையும் திட்டுனேன், என்னையும் திட்டிக்கிட்டேன்.

எல்லாத்தையும் தொறந்துவிட்டு, வெகுநேரம் கழிச்சு உள்ள போய்ப் பாத்தா, காளானெல்லாம் காலு மட்டும் நீட்டமா வளந்து, தலை பட்டன் அளவுக்கு நிக்குது. மூச்சு முட்டுனாக் காளான் அப்படித்தான் காத்தைத் தேடிக் கழுத்தை நீட்டும்.

"முடிஞ்சுதுங்க்கா"ன்னு பாய் படியிலயே உக்காந்துட்டாரு.

3. சாக்கடைக்குப் போன சுடுதண்ணி

மிச்சமிருந்தது கடைசி வரிசை பெட்டுதான். அதுல அப்பத்தான் மொட்டு வருது. கல்யாணத்துக்கு ஒரு வாரம்.

புது பெட்டுக்கு வைக்கோல் வேகவைக்கிற வேலை எங்களுக்குக் காலையில, வாசல்லதான் நடக்கும். வெந்ததும் வைக்கோலை எடுத்துட்டுத் தண்ணியச் சாக்கடையில ஊத்துவேன். எங்க ஊட்டுக்காரருக்கு ஒரு சொட்டு வீணானாலும் ஆகாது. அன்னைக்கும் ஆரம்பிச்சாரு: "ஏனம்மிணி, இத்தன சுடுதண்ணிய வீணாக்கறயே, எனக்குக் குளிக்கவாச்சும் குடுக்கலாமல்ல?"

"வைக்கோல் நாத்தத்தோட குளிக்கப் போறீங்களா?"ன்னு சீறுனேன். சொல்லி வாய மூடல, எனக்கே சுருக்குன்னுச்சு. குளிருல கெடக்கறது இவரா, காளானா?

அன்னைக்கே வேலைய மாத்துனோம். வைக்கோல் வேகவைக்கிறது சாயங்காலம். வாசல்ல இருந்து பேஸ்மென்ட்டுக்கு ஊட்டுக்காரர் பைப்பு மாட்டிக் குடுத்தாரு. தண்ணி கொதிக்கக் கொதிக்க உள்ள இருக்கற இரும்பு டிரம்முல எறங்கும். மூடியப் போட்டுட்டா விடிய விடியக் கணகணப்பு. ஜன்னலை ஒரு சாண் தொறந்தே வச்சேன். காலையில மீட்டரு இருபத்தொம்பது. கல்யாணத்துக்கு மொத நாள் பாத்தா, காளான் ஒவ்வொண்ணும் குடை விரிச்சு நின்னுச்சு. சந்தோசத்துல ஊட்டுக்காரருக்கு அன்னைக்கு ரெண்டு டம்ளர் காப்பி.

4. பந்தியில

பாய்க்கு ஒத்தாசையா நானும் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். பிரியாணி பரிமாறுனதும் மாப்பிள்ளையோட பெரியப்பா ஒரு வாய் மென்னாரு. அப்படியே எந்திரிச்சுட்டாரு.

"ஏனுங்க பாய், கல்யாண ஊட்ல கறியப் போட்டுப்போட்டீங்களா?"

பந்தியில எல்லாரும் எலையிலிருந்து கையை எடுத்துட்டாங்க. பாய்க்கு மொகம் வெளுத்துப்போச்சு. நான் சமையக்கட்டுக்கு ஓடி, மிச்சமிருந்த காளானை அடியில மண்ணு ஒட்டுனபடியே கொண்டாந்து அவரு கையில குடுத்தேன். அமுக்கிப் பாத்தாரு, மோந்து பாத்தாரு. மறுபடியும் எலை முன்னால உக்காந்தாரு.

"அப்படீன்னா இன்னும் ரெண்டு கரண்டி வைங்க."

பாய் கண்ணைத் தொடைச்சுக்கிட்டே வச்சாரு. இப்ப அவிநாசிப் பக்கம் அவருக்குச் சைவக் கல்யாணம் நெறைய வருது.

கத்துக்கிட்டது ஒண்ணுதானுங்க: காளானுக்குச் சூடு குடுக்கறேன்னு மூச்சை அடைச்சுப்போடாதீங்க. மார்கழி பொறந்தாப் போதும், காளான் எத்தன கிலோன்னு பாய் கேக்கறதில்ல. போன் பண்ணி மொதல்ல கேக்கறது, "அக்கா, ஜன்னல் தொறந்திருக்குதுங்களா?"