தாரிகாவின் அயல்

கலியாணத்துக்குப் பயந்து தாரிகா வெளிநாட்டுக்கு ஓடுகிறாளாம்! சந்தைக்குப் போகிற வழியெல்லாம் இதைப் பரப்பியவள் பக்கத்து வளவு இராசமலர். முழுப் பொய். ஓடுகிற பிள்ளை எதற்கு மாதக்கணக்காகத் தாயிடம் உத்தரவு கேட்டுக்கொண்டு நிற்கிறாள்?

யாழ்ப்பாணத்து உரும்பிராயில் தோட்டக்காரப் பிள்ளை அவள். பௌதிகம் படித்து முடித்ததும் நெதர்லாந்தில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்தது. நமக்குக் கிட்டக் கிடக்கிற நட்சத்திர மண்டலங்களை ஆராய்ந்து, பிரபஞ்சம் எப்படி அமைந்திருக்கிறது என்று அறிகிற படிப்பு. அயலுக்கு அதில் விளங்கியது நட்சத்திரம் மட்டும்தான். இராசமலர் ஒருநாள் மகனின் சாதகத்தையே கொண்டுவந்துவிட்டாள்.

“பிள்ளை, உவனுக்கு எப்ப கலியாணம் கூடும் எண்டு பார்த்துச் சொல்லு.”

“மாமி, நான் பாக்கிற நட்சத்திரங்களுக்கு உங்கடை மகனைத் தெரியாது.”

தாரிகா சிரித்துவிட்டாள். அதில் இராசமலருக்கு வந்த கோபத்தில் பிறந்ததுதான் ஓடுகிற கதை.

தகப்பன் தம்பிராசா, “கொம்மாவைக் கேள்” என்று நழுவிவிட்டார். தாய் நாகேஸ்வரிக்கோ பயம். அனுப்பினால் ஊர் சொன்னது உண்மையாகிவிடும்; நாளைக்கு ஒரு சம்பந்தமும் வராது.

வெங்காயத் தாள் அரிந்துகொண்டே கேட்டாள்: “கிட்டக் கிடக்கிறதை ஏன் பாக்கிறாய்?”

“தூரத்திலை உள்ளது பொட்டுப் போலத்தான் தெரியும் அம்மா. அயலைத்தான் வடிவாப் பாக்கலாம். அதை வைச்சு மிச்சத்தை விளங்கலாம்.”

தாரிகா கொம்பியூட்டரைத் திருப்பினாள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு மண்டலமாம். புள்ளிகள் இழை இழையாகக் கோத்துக் கிடந்தன. இடையில் பெரிய பெரிய வெறுவெளி.

“உது எங்கடை ஊரெல்லோ! ஒழுங்கை வழிய வரிசையா வீடுகள், நடுவிலை தோட்டவெளி.”

“ஓம் அம்மா, உப்பிடித்தான்!”

“அப்ப அந்த வெளியுக்கை என்ன கிடக்கு?”

“அதுதான் ஒருத்தருக்கும் வடிவாத் தெரியாது.”

நாகேஸ்வரி கத்தியை வைத்தாள்.

“போய்ப் பார்த்து எனக்குச் சொல்லு. ஊருக்கு நான் சொல்லுறன்.”

புறப்படுகிற காலை, வாசலில் ஆட்டோ நின்றது. பயணம் போகிறவர் முதலில் யார் முகத்தில் விழிக்கிறார் என்கிற முழுவியளம் பார்க்கிற ஊர் அது. இராசமலர் புருசனை இழந்தவள்; எதிரே வரக்கூடாதென்று வேலிக்குப் பின்னால் ஒதுங்கி நின்றாள். நாகேஸ்வரி கண்டுவிட்டாள்.

“மலரக்கா, ஏன் ஒளிச்சு நிக்கிறியள்? வந்து பிள்ளைக்கு முழுவியளத்துக்கு நில்லுங்கோ.”

“நானோ? விசர்க் கதை கதையாதை.”

“ஊரெல்லாம் கதைக்கிறது நீங்கள்தானே? வாங்கோ!”

இராசமலர் சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசல் படலையடிக்கு வந்தாள்.

“குளிர் ஊராம். கம்பளிச்சட்டை எடுத்தனியோடி?”

“ரெண்டு எடுத்தனான், மாமி.”

சிரித்தபடி, அவள் முகம் பார்த்து, தாரிகா படி இறங்கினாள்.