சவிரிமுத்தரின் ஒன்றரை அடிப் பலகை

செய்தியை மீன்காரர்தான் கொண்டுவந்தார். முல்லைத்தீவிலிருந்து சைக்கிளில் வருகிறவர், பெட்டியை இறக்கி மீன் நிறுக்கும்போதே, "கந்தோருக்கு மேசை போடுற சவிரிமுத்தர் மோசம் போயிட்டார்" என்றார். நிறுத்த மீனைத் திரும்பப் பெட்டியில் போடச் சொன்னேன். அடக்கமும் முந்தாநாள் முடிந்துவிட்டதாம். எனக்கு ஆள் அனுப்பவில்லை என்று அவர் வீட்டார்மேல் கோபம் வந்தது. பிறகு அவருடைய மகள் இரண்டு பஸ் மாறி வந்து, முப்பத்தோராம் நாளுக்கு அச்சடிக்கும் நினைவுப் புத்தகத்தில் நானும் எழுதவேண்டும் என்று கேட்டாள். அதனால் அந்தக் கோபத்தில் பாதியைக் குறைத்திருக்கிறேன். மூன்றாம் வகுப்போடு நின்ற கை இது. எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நடந்ததைச் சொல்வதில் பிழை இராது.

அவரை அறிந்த உங்களுக்கு அவருடைய வேலை தெரியும். பொதுவேலைப் பகுதியில் அவர் கட்டடம் கட்டுகிறவர் அல்ல. கட்டிய அரசாங்க அலுவலகத்தில், கந்தோருக்குள், மேசை எங்கே, அலுமாரி எங்கே, சனம் எங்கே நிற்பது, வெளிச்சம் எந்தப் பக்கத்தால் வரவேண்டும் என்று வரைந்து, தச்சரை வைத்துச் செய்விக்கிறவர். "இதுக்கும் ஒரு உத்தியோகமோ?" என்று நானே கேட்டிருக்கிறேன். அவர் சிரித்துவிட்டு, "சுவர் வெயிலை மறைக்கும், பிள்ளை. சனத்தை மறைக்கிறது மேசைதான்" என்றார்.

நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து இந்தக் குளத்துக் குடியேற்றத்துக்கு வந்தவர்கள். மூன்று ஏக்கர் வயலும் இரண்டு ஏக்கர் மேட்டுக்காணியும் என் புருஷன் பெயரில் கிடைத்தன. காடு வெட்டி இரண்டு போகம் விதைத்த பிறகு அவரைப் பாம்பு கடித்தது. பெர்மிட்டை என் பெயருக்கு மாற்றவேண்டும் என்று காணிக் கந்தோருக்குப் போனேன். ஒரு தரமல்ல, ஐந்து தரம். எனக்கு இரண்டு பெண்பிள்ளைகள். அந்தக் காணி போனால், யாழ்ப்பாணம் திரும்பி என் புருஷனின் தமையன் வீட்டுக் குசினியில் அடுப்பூதிக் கிடப்பதைத் தவிர வேறு வழியில்லை. அந்தக் குசினியை நான் அறிவேன்.

அப்போதைய கந்தோரில் சனம் வெளியே விறாந்தையில் நிற்கும். சுவரில், இடுப்பு உயரத்தில், கோழிக்கூட்டு வாசல் அளவில் ஒரு துவாரம். உள்ளே கதிரையில் இருக்கும் பெரிய கிளாக்கரோடு கதைக்கக் குனியவேண்டும். என்னுடைய கடதாசிக் கோவையை அவர் தன் முகத்துக்கு நேரே முகம் பார்க்கும் கண்ணாடியைப் போலத் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். அதன் முதுகுதான் எனக்குத் தெரியும். "விசாரணை நடக்குது. ஆம்பிளை ஒராளைக் கூட்டிக்கொண்டு வா" என்பார். அவருடைய பெயரை எழுதி இந்தப் புத்தகத்தை அழுக்காக்க மாட்டேன்.

மூன்றாம் தரம் போனபோதுதான் சவிரிமுத்து அண்ணரைக் கண்டேன். வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர், துவாரத்துக்குக் கிட்டப் போனதும் ஒன்றும் கேட்காமல் விலகித் திரும்பவும் வரிசையின் கடைசியில் போய் நின்றார். இப்படி இரண்டு முறை. எனக்குப் பொறுக்கவில்லை. அலுவல் இல்லாதவருக்கு இங்கே என்ன வேலை என்று பேசிவிட்டேன். "அலுவல் இருக்குது, பிள்ளை. நிண்டு நிண்டு இடுப்பு நாரி எத்தினை நிமிசத்திலை நோகத் தொடங்குது எண்டு பாக்கிறன்" என்றார். கிறுக்கர் என்று நினைத்தேன். நான்கு நாட்கள் அப்படி நின்ற பிறகே, கந்தோரின் உட்புறத்தைப் புதிதாக அமைக்க வந்தவர் இவர்தான் என்று உள்ளே இருந்தவர்களுக்கே தெரிந்ததாம்.

துவாரத்தை இடித்துவிட்டு நீளப் பலகை ஒன்று போடுவது என்று முடிவாகியிருந்தது. பலகையின் அகலத்தில்தான் சண்டை வந்தது. பெரிய கிளாக்கர் மூன்று அடி கேட்டார், மேலே கம்பிவலையும் கேட்டார். அண்ணர் ஒன்றரை அடிக்கு மேல் ஓர் அங்குலமும் தரமாட்டேன் என்றார். உயரம் நிற்கிறவர்களின் முழங்கைக்கு, உள்ளே இருப்பவருக்கு உயரமான முக்காலி, இரண்டு பேருடைய கண்ணும் ஒரே மட்டத்தில். "குனியாட்டிச் சனத்துக்கு மரியாதை வராது" என்று கிளாக்கர் சொன்னது விறாந்தைவரை கேட்டது. அண்ணர் குரலை உயர்த்தாமல் சொன்னார்: "மரியாதைக்குக் கோயில் இருக்குது. இஞ்சை சனம் காணிக்கு வருது."

தீர்ப்புச் சொல்ல வவுனியாவிலிருந்து காணி அதிகாரி வந்தார். அண்ணரிடம் ஒரு பழக்கம் இருந்தது, நீங்களும் கண்டிருப்பீர்கள். கடதாசியில் வரைந்ததை அவர் நம்பமாட்டார். கரைவலைக்காரர் வலையை மணலில் விரித்துப் பார்ப்பதைப்போல, முழுக் கந்தோரையும் அதே அளவில் வெளி முற்றத்தில் உமிச்சாம்பலால் கோடு போட்டுவிடுவார். அன்று முற்றத்துப் பாலை மரத்தின் கீழ் சாம்பல் கந்தோர் ஒன்று கிடந்தது. இரண்டு பீப்பாய்களின்மேல் ஒன்றரை அடிப் பலகை. வரிசையில் நின்ற எங்களை அண்ணர் பார்த்தார். ஐந்தாம் தரம் வந்து நின்ற என்னைக் காட்டி, "நீங்கள் வாங்கோ" என்றார். "நடிக்க வேண்டாம். உங்கடை அலுவலை உண்மையாய்க் கதையுங்கோ."

பலகைக்கு அப்பால் ஓர் இளம் கிளாக்கரை இருத்தினார்கள். ஒத்திகைக்கு ஏதாவது ஒரு கடதாசிக் கட்டுப் போதும் என்றார் பெரிய கிளாக்கர். உண்மையான அலுவல் என்றால் உண்மையான கோவை வரட்டும் என்றார் காணி அதிகாரி. வந்தது. இளம் கிளாக்கர் அதைக் கையில் தூக்கப் போனார். அண்ணர் சாம்பல் கோட்டுக்கு வெளியே நின்றபடி, "தம்பி, தாள் நடுவிலை கிடக்கட்டும்" என்றார்.

கிடந்தது. நான்கு தரம் முதுகை மட்டும் காட்டிய கோவை என் முழங்கைக்குப் பக்கத்தில் மல்லாந்து கிடந்தது. நான் எழுத்துக் கூட்டி வாசித்தேன். அது தமிழில் எழுதிய கடிதம். தம்பியின் மனைவி பிள்ளைகளோடு யாழ்ப்பாணம் போய்விட்டாள், காணி தரிசாகக் கிடக்கிறது, எனக்குத் தரவேண்டும் என்று இருந்தது. கீழே என் புருஷனின் தமையனுடைய கையெழுத்து. அதற்கும் கீழே இங்கிலீசில் ஒரு வரி.

"ஐயா, இந்தக் கீழை கிடக்கிற இங்கிலீசு என்ன சொல்லுது?" என்று காணி அதிகாரியைக் கேட்டேன்.

அவர் குனிந்து பார்த்தார். "காணியை நேரிலை போய்ப் பாத்தன், உண்மை எண்டு எழுதிக் கிடக்கு" என்றார். வரியின் முடிவில் இருந்த கையெழுத்துக்கு உரிய பெரிய கிளாக்கரை எல்லாரும் திரும்பிப் பார்த்தோம்.

"நேரிலை வந்திருந்தால் என்ரை நாய் கடிச்ச காயம் இருக்கவேணும். காட்டச் சொல்லுங்கோ" என்றேன். "நான் யாழ்ப்பாணத்திலை எண்டால், இஞ்சை நிக்கிறது ஆர்?"

வரிசை முழுவதும் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. நிமிர்ந்து நின்றேன். அந்தப் பலகையில் குனிய இடமில்லை.

அன்று பின்னேரமே காணி அதிகாரி ஜீப்பில் வந்து வயல் வரம்பில் இறங்கினார். நெல் கதிர் தள்ளித் தலை சாய்த்து நின்றது. அறுவடைக்கு முன்னரே பெர்மிட் என் பெயரில் வந்தது. பலகையும் ஒன்றரை அடியிலேயே வந்தது. பெரிய கிளாக்கரை மாற்றவில்லை. பென்சன் எடுக்கும்வரை அந்தப் பலகைக்குப் பின்னால், வலையில்லாமல், சனத்தின் கண்ணுக்கு நேரே இருக்கவிட்டார்கள். அலுவல் இல்லாத நாட்களிலும் நான் போய் முன்னால் நின்றிருக்கிறேன். அதற்காக வெட்கப்படவில்லை.

இனி அண்ணர்மேல் எனக்கு இருந்த கோபத்தையும் எழுதவேண்டும். அவ்வளவு பேரில் ஏன் என்னைக் கூப்பிட்டீர்கள் என்று பிறகு ஒருநாள் கேட்டேன். வேறொருவர் என்றால் ஏதாவது அழகாகச் சொல்லியிருப்பார். இவர் பொய் சொல்லத் தெரியாதவர். "உங்களுக்கு வாசிக்கத் தெரியாது எண்டு நினைச்சன். தெரியாத ஆளுக்குப் பலகை சரிவருதோ எண்டு பாக்கத்தான்" என்றார். இரண்டு வருடங்கள் நான் அவரோடு கதைக்கவில்லை. காணியைக் காப்பாற்றிய மனிதரோடு கதைக்காமல் இருப்பதா என்று ஊர் கேட்டது. காணி வேறு, அந்தச் சொல் வேறு.

அதை அவரே வந்து தீர்த்தார். பூநகரியில் ஒரு கந்தோருக்கு வரைந்த படத்தைச் சுருட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்து, படத்தை என் பக்கம் திருப்பி விரித்து, "வாசிச்சுப் பிழை சொல்லுங்கோ" என்றார். மன்னிப்பு என்ற சொல்லை அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மூன்று பிழை சொன்னேன். தண்ணீர்ப் பானை வெளியே இருந்தது, குடிக்கப் போனால் வரிசை போய்விடும். சனம் குந்தும் வாங்கு சுவரைப் பார்த்து இருந்தது, யாருடைய முறை என்று தெரியாது. பிள்ளையோடு வருகிறவளுக்கு நிழல் இல்லை. மூன்றையும் மாற்றினார். கடற்காற்று தாளை அள்ளாமல் பலகையை எப்படித் திருப்புவது என்பதை மட்டும் தன் மூளையால் செய்தார். கரையில் பிறந்தவருக்கு அதை நான் சொல்லத் தேவையில்லை. அதன் பிறகு மல்லாவி, ஓமந்தைப் பக்கத்துக் கந்தோர்களின் படங்களும் என் வீட்டுக்கு வந்துதான் போயின. ஒவ்வொன்றிலும் பலகை ஒன்றரை அடி.

காணியை அவர் தந்தார் என்று நான் எழுதமாட்டேன். அது நாங்கள் வெட்டிய காடு. அவரிடமிருந்து எனக்குக் கிடைத்து, இன்றும் நான் வைத்திருப்பது ஒரு பழக்கம்: என் பெயர் எழுதிய தாளின் முதுகை இனி எவரும் எனக்குக் காட்ட நான் விடுவதில்லை. போன கிழமை மேட்டுக்காணியை மூத்தவள் பெயருக்கு எழுதக் கந்தோருக்குப் போனேன். புதிதாக வந்த கிளாக்கர் தாளைக் கையில் தூக்கிப் பார்த்தபடி, எல்லாம் சரி, கையெழுத்தை மட்டும் வையுங்கள் என்றார். பலகையில் கையை விரித்து வைத்துக்கொண்டு நின்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், பிறகு தாளைக் கீழே வைத்து என் பக்கம் திருப்பினார். பின்னால் வரிசை நீளமாக நின்றது. நான் எழுத்துக் கூட்டி, ஆறுதலாக, அவசரப்படாமல், கடைசி எழுத்துவரை வாசித்தேன்.