சுவருக்கு அந்தப் பக்கத்து மூச்சு

லிஃப்ட் அண்ணனை எங்கள் கட்டடத்தில் எல்லோருக்கும் தெரியும். அவர் வீட்டு ஆட்களை ஒருவருக்கும் தெரியாது. மூன்றாம் மாடியில் என் அறைக்கு அடுத்த அறையில் தனியாக இருந்தார். லிஃப்ட் மெக்கானிக். எங்காவது லிஃப்ட் நடுவழியில் நின்று, உள்ளே மாட்டிக்கொண்டவர் கதவைத் தட்டுகிறார் என்று போன் வந்தால், சாப்பிட்ட கையைச் சரியாகக் கழுவாமல்கூட ஓடுவார். இருட்டுக் குழிக்குள் தொங்கிக்கொண்டே உள்ளே இருப்பவரிடம் ஊர்க்கதை பேசி அழுகையை நிறுத்துவார். பயம் என்ன விலை என்று கேட்கிற ஆள் என்பார் எங்கள் வாட்ச்மேன்.

அந்த ஆள்தான் பல் டாக்டர் நாற்காலியிலிருந்து இரண்டு தடவை எழுந்து ஓடியவர். இரண்டாம் தடவை கழுத்தில் கட்டிய துணியோடு பஸ் ஸ்டாப் வரை போய்விட்டார்.

கடைவாய்ப் பல்லின் அடியில் சீழ். மாத்திரை போட்டால் வீக்கம் வடியும், நிறுத்தினால் திரும்ப வரும். வடிந்திருக்கும்போதே பல்லை எடுத்துவிட வேண்டும், அடுத்த தடவை கழுத்துக்கு இறங்கினால் மூச்சையே அடைத்துவிடும் என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஓடுகிறவருக்கும் ஒரு வழி இருந்தது. நரம்பில் மருந்து ஏற்றிப் பதற்றத்தைத் தணித்து, அரைத் தூக்கத்தில் வைத்து எடுப்பார்கள். வெறும் வயிற்றோடு வர வேண்டும். கூட ஒரு ஆள் வேண்டும்.

அந்த ஆளுக்காகத்தான் அவர் என் கதவைத் தட்டினார். என்னைப் பார்க்காமல் நிலைப்படியைப் பார்த்துப் பேசினார்.

"சொந்தக்காரங்கதான் கூட வரணும்பாங்க. அக்கா பையன்னு சொல்லிக்கோ தம்பி. மாமான்னு கூப்பிடு. வேற எதுவும் பேச வேணாம். நீதான் பேசவே மாட்டியே, உனக்கு சுலபம்."

காலையில் பஸ்ஸில் ஜன்னல் கம்பியை விடாமல் பிடித்திருந்தார். லிஃப்டில் கயிறு அறுந்தால்கூட பிரேக் பிடித்துக்கொள்ளும், இவர்கள் போடுகிற ஊசிக்கு பிரேக் எங்கே இருக்கிறது என்று இரண்டு நிறுத்தங்களுக்கு ஒரு முறை கேட்டுக்கொண்டே வந்தார். மாமா என்று கூப்பிட்டுப் பழகிக்கொள்ளச் சொன்னார். எனக்கு வாய் வரவில்லை.

கிளினிக்கில் மருந்து வாசனை. உள்ளறையை ஒரு மெல்லிய தடுப்புதான் பிரித்தது. நர்ஸ் அவரை உட்கார வைத்து ஒவ்வொன்றாகக் கேட்டார். ஏதாவது சாப்பிட்டாரா, சர்க்கரை உண்டா, தூக்க மாத்திரை போடுவாரா. எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை என்று தலையாட்டினார்.

"தூங்கும்போது மூச்சு நின்னு நின்னு வருதுன்னு யாராவது சொல்லியிருக்காங்களா?"

"யாரும் சொன்னதில்ல."

அது பொய் இல்லை. சொல்வதற்கு அவருக்கு யாருமில்லை.

நர்ஸ் என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க தம்பி. மாமாவுக்கு அப்படி ஏதும் உண்டா?"

எங்கள் இருவர் அறைக்கும் நடுவே இருப்பது ஒற்றைச் செங்கல் சுவர். நான் புத்தகத்தை விரித்துப் படுத்திருப்பேன். அந்தப் பக்கம் குறட்டை ஏறிக்கொண்டே போகும். திடீரென்று அறுந்துவிடும். அப்புறம் ஒன்றுமே இருக்காது. நான் வரியில் விரலை வைத்துக்கொண்டு காத்திருப்பேன். தண்ணீருக்குள்ளிருந்து எழுபவர் போல ஒரு பெருமூச்சு கேட்ட பிறகுதான் அடுத்த வரிக்குப் போவேன். தினமும் இப்படித்தான்.

சொன்னால் எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். சுவரைச் சொல்ல வேண்டும். அக்கா பையன் கதை கிழிந்துவிடும். கூட ஆள் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டால், இனிமேல் இந்த மனிதரை யார் வந்தாலும் இந்தப் படி ஏற்ற முடியாது. வீக்கமோ காத்திருக்காது. மேஜைக்கு அடியில் அவருடைய செருப்பு என் காலை அழுத்தியது.

"நிக்கும்" என்றேன். "ரொம்ப நேரம் நிக்கும். நான் பக்கத்து ரூம். சுவத்து வழியா கேக்கும். இவரு என் மாமா இல்ல."

செருப்பு விலகியது. அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் நிமிர்ந்து வாங்கிக்கொள்ளவில்லை.

நர்ஸுக்குச் சிரிப்புத்தான் வந்தது. "மாமாவா மச்சானான்னு யாருங்க கேட்டா? சாயங்காலம் வரைக்கும் பொறுப்பா பாத்துக்க ஒரு ஆள் வேணும். அவ்வளவுதான்." உடனே சிரிப்பை விட்டுவிட்டு உள்ளே போய் மயக்க மருந்து டாக்டரைக் கூட்டி வந்தார்.

டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார், கழுத்தை அளந்தார், பகலில் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவாரா என்று கேட்டார். பிறகு, இது தெரியாமல் வழக்கமான அளவு ஏற்றியிருந்தால் மூச்சு அடங்கிப்போயிருக்கலாம் என்றார். குறைவாக, சொட்டுச் சொட்டாகத்தான் ஏற்றுவார்களாம். மூக்கில் ஆக்சிஜன். சந்தேகம் வந்தால் அந்த இடத்திலேயே நிறுத்திப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார்களாம்.

அண்ணன் எழுந்துவிட்டார். கண் வாசலில் இருந்தது.

"நிறுத்துவேன்னு சொல்றீங்களே, உங்ககிட்ட பிரேக் எங்க இருக்கு?"

டாக்டர் தட்டிலிருந்து ஒரு சின்ன மருந்துக் குப்பியை எடுத்துக் காட்டினார். "இது அந்த மருந்த முறிக்கிற மருந்து. இதுதான் பிரேக்."

"சோதிச்சுப் பாத்திருக்கீங்களா?"

"தேதி போட்டிருக்கு, நீங்களே பாத்துக்கோங்க."

அண்ணன் குப்பியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து நிதானமாகப் படித்தார். திருப்பிக் கொடுத்தார். என் பக்கம் பார்க்காமலேயே உள்ளே போனார்.

நான் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். கருவியின் 'பிப், பிப்' சத்தம் அவருடைய நாடித்துடிப்பு, ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தால் சுருதி இறங்கும் என்று நர்ஸ் சொல்லியிருந்தார். முதலில் ஓடியது, அப்புறம் நடந்தது. அண்ணனின் பேச்சு குழைந்து தேய்ந்தது. குறட்டை தொடங்கியது. எனக்குப் பழகிய குறட்டை. ஏறியது. அறுந்தது.

கையில் புத்தகம் இல்லை, விரல் வைக்க வரி இல்லை. கருவியின் சுருதி ஒவ்வொரு துடிப்புக்கும் கொஞ்சம் கீழே இறங்கியது. நான் எழுந்து நின்றேன். தடுப்பில் கை வைத்தேன்.

"அண்ணே, மூச்ச இழுங்க." டாக்டரின் குரல். "தாடையத் தூக்குறேன். நல்லா இழுங்க."

ஒன்றும் கேட்கவில்லை. இன்னொரு தடவை, இன்னும் சத்தமாகச் சொன்னார். தண்ணீரிலிருந்து எழுகிற அந்தப் பெருமூச்சு வந்தது. சுருதி படிப்படியாக மேலே ஏறியது. இத்தனை நாள் சுவருக்கு இந்தப் பக்கம் நான் சும்மா காத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறேன். யாரோ கூப்பிட்டு அவர் திரும்பி வந்ததை இன்றுதான் கேட்டேன்.

வெளியே கூட்டி வந்தபோது வாயில் பஞ்சு, கண்ணில் தூக்கம். எப்போது ஆரம்பிப்பார்கள் என்று ஜாடையில் கேட்டார். முடிந்துவிட்டது என்றேன். ஆட்டோவில் திரும்பவும் கேட்டார். திரும்பவும் சொன்னேன். தூக்கத்தில் மூச்சு நிற்பதைப் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டச் சொல்லி டாக்டர் கொடுத்த சீட்டு என் பையில் இருந்தது.

சாயங்காலம் அவர் அறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். கோபமாக இருப்பார் என்று நினைத்தேன். அவர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்.

"தினமும் நிக்குதா?"

"தினமும்."

"இனிமே நின்னா சுவத்துல தட்டு."

"தூக்கத்துல கேக்குமா அண்ணே?"

வீங்கிய வாயோடு சிரிக்கப் பார்த்தார். "யாராவது தட்டுனா எந்திரிச்சு ஓடுறதுதான்டா என் வேலையே. நீ தட்டு. வந்துருவேன்."