வேலிக்கு அந்தப் பக்கத்துப் புகை

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து புகை எழுந்தபோது நான் கத்தரிப் பாத்தியில் குந்தியிருந்தேன். சித்திரை மாதத்துக் காலை. முட்டிக்குக் கீழே இரண்டு கால்களிலும் கிழிந்த வேட்டித் துணியைச் சுற்றி, அதன்மேல் வேப்பெண்ணெய் தடவியிருந்தேன். அப்படியும் மாட்டு ஈக்கள் விடவில்லை. பார்த்தால் வீட்டு ஈ மாதிரிதான் இருக்கும். ஆனால் கணுக்காலைத் தேடி வந்து ஊசி போட்டதுபோல் கடிக்கும். மேல்காற்றில் புகை நேராக என் பக்கம் வந்தது. வேலி இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தேன். என் ஓரகத்தி வறட்டித் துண்டையும் வேப்பிலையையும் போட்டு மூட்டம் போட்டுக்கொண்டிருந்தார். தன் தோட்டத்து ஈயை எல்லாம் என் பக்கம் விரட்டிவிடுகிறார் என்று உடனே எனக்குத் தோன்றிவிட்டது.

எனக்கு அப்படித்தான் தோன்றும். நான் பிறவியிலேயே சந்தேகப் பிராணி. கடைக்காரர் சிரித்தால் தராசைப் பார்ப்பேன். அப்போது எழுபதுகளின் கடைசி. மாகறலுக்குப் பக்கத்தில், செய்யாற்றங்கரையில் இருந்தோம். என் கணவரும் அவருடைய அண்ணனும் பாகம் பிரித்துக்கொண்டு ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பின்பக்கத் தோட்டத்துக்கு நடுவே வேலி வந்தது. மேற்குப் பாதி அண்ணன் மனைவிக்கு, கிழக்குப் பாதி எனக்கு, கிணறு மட்டும் பொது. எங்கள் பங்குக்கு ஒரே ஒரு கறவை மாடு வந்தது; அதை வேலியோரக் கொட்டகையில் கட்டியிருந்தோம். என் கைக்குழந்தைக்கு அதன் பால்தான் ஆகாரம். ஈக்கடி தாங்காமல் அது கறக்க விடாமல் காலை உதற ஆரம்பித்திருந்தது.

இரண்டு பக்கமும் ஒரே மண், ஒரே கிணற்றுத் தண்ணீர். அவர் வெண்டைக்குக் களை எடுக்கும்போது ஒரு ஈ கிடையாது. என் பாத்தியில் கால் வைத்தால் மொய்க்கிறது. இது எப்படி? கிணற்றடியில் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "மாடு எப்டி கீது? பாலு கொறஞ்சிச்சா?" என்று வேறு கேட்பார். குறைய வேண்டும் என்று காத்திருக்கிறவர்தானே இப்படிக் கேட்பார்? மூட்டத்தையும், காற்று என் பக்கம் அடிக்கும் காலை நேரத்தில்தான் போடுவார். மாலையில் காற்று திரும்பிவிட்டால் போடமாட்டார். எனக்கு இதற்கு மேல் சாட்சி தேவைப்படவில்லை.

ஐந்தாம் நாள் ஒரு குடம் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு போய், வேலிப் படலைத் தள்ளித் திறந்து, மூட்டத்தின்மேல் ஊற்றினேன்.

"இன்னாமே பண்ற?" என்றார் ஓரகத்தி.

"உங்க ஈய எதுக்குக்கா எங்க பக்கம் தொரத்திக்கினு கீறீங்க?"

"ஈயா? உன் மாடு வாலால அடிச்சிக்கினு நிக்க முடியாம தவிக்கிது. அதுக்குப் பொகை போட்டா கொஞ்சம் நிக்குமேன்னு போட்டேன்."

"எங்க மாட்ட நாங்க பாத்துக்குறோம். நீங்க உங்க வேலயப் பாருங்க."

அவர் நனைந்த சாம்பலை முறத்தில் வாரிக்கொண்டு எழுந்தார். கணுக்கால் முழுக்கத் தடித்து, சொறிந்த இடங்களில் ரத்தம் காய்ந்திருந்தது. வேலியோரம் உட்கார்ந்து கடிபட்ட கால் அது. அதைப் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை. நல்ல பாடம் கற்பித்துவிட்டேன் என்று நிமிர்ந்து நடந்து வந்தேன்.

அதோடு புகை நின்றது. மூன்றாம் நாள் மாடு பால் செம்பை உதைத்துக் கவிழ்த்தது. அதற்கடுத்த வாரம் பால் பாதிக்கும் கீழே போய்விட்டது. குழந்தைக்குக் கஞ்சித் தண்ணீரைப் புகட்டினேன். அது துப்பிவிட்டு அழுதது. அப்போதும் நான் ஓரகத்தியைத்தான் வைதுகொண்டிருந்தேன்.

பிறகு ஒருநாள் வாடிப்போன கத்தரிச் செடி ஒன்றைப் பிடுங்கினேன். செடியடியில் நான் பரப்பியிருந்த கூளம் புரண்டு வந்தது. அதனடியில் வெள்ளைப் புழுக்கள் நெளிந்தன. பக்கத்தில் கேழ்வரகு நிறத்தில் சின்னச் சின்னக் கூடுகள். ஒரு கூட்டிலிருந்து ஈ ஒன்று இறக்கை ஒட்டியபடி வெளியே வந்துகொண்டிருந்தது. கோடையில் செடியடியில் காய்ந்த வைக்கோலைப் பரப்பினால் ஈரம் காயாது என்று விவசாய ஆபீசர் ஒருவர் ஊர்க் கூட்டத்தில் சொல்லிவிட்டுப் போயிருந்தார். நல்ல வைக்கோலை மண்ணில் போட எனக்கு மனசு வருமா? அது மாட்டுக்கு வேண்டும் என்று, கொட்டகையில் சாணியும் கோமியமும் ஊறி மிதிபட்ட கூளத்தை அள்ளிப் பரப்பி, தினமும் இரண்டு வேளை தண்ணீரும் ஊற்றினேன். ஈக்களை நானே பண்ணை வைத்து வளர்த்திருக்கிறேன்.

அன்றே அத்தனையையும் வாரி ஆற்றங்கரை வெயிலில் காயப் போட்டேன். பத்துப் பதினைந்து நாளில் ஈ ஓய்ந்தது, மாடும் அடங்கி நின்றது. குழந்தை தேறியது. ஓரகத்தியிடம் மட்டும் நான் உண்மையைச் சொல்லவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. ஒரு கூடை கத்தரிக்காயை எடுத்துப் போய் நீட்டினேன்.

"இன்னா திடீர்னு?" என்று அவர் என் முகத்தையே பார்த்தார்.

"நெறைய காச்சிதுக்கா, அதான்," என்றேன். சொல்லியிருக்க வேண்டிய நேரம் அதுதான். அன்று மாலை அந்தக் காய்கள் அவர் வீட்டு மாட்டுத் தொட்டியில் மிதந்தன. அதற்குப் பிறகு நல்லது கெட்டதுக்குப் போய் வந்தோம், பேசிக்கொண்டோம். ஆனால் என் கையிலிருந்து எதை வாங்கினாலும் அவர் ஒரு கணம் தயங்குவார்.

போன வருஷம் அவரைக் காஞ்சிபுரத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். நானும் என் மகளும் கஞ்சி வைத்து எடுத்துப் போனோம். கட்டிலில் சாய்த்து உட்காரவைத்து டம்ளரை நீட்டியபோது, பழைய கதையைச் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். அவர் டம்ளரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"மொதல்ல நீ ஒரு வாயி குடி தங்கச்சி," என்றார். முகத்தில் சிரிப்பு இருந்தது.

பெரியம்மா விளையாட்டுக்குச் சொன்னார் என்கிறாள் என் மகள். அந்த ஒரு வாய்க் கஞ்சியை விழுங்க எனக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று அவளுக்குத் தெரியாது.